ஒண்டிப்புதூரிலிருந்து ரேஸ்கோர்ஸ் வரை

சைக்கிள் சீட்டு என்று பெயர் சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள், ஆனால் இதில் உட்காரும் இடம் எது என்பது ஒண்டிப்புதூரில் வீட்டுத் தெருவைத் தாண்டித் திருச்சி ரோட்டுக்கு வந்த பிறகும் குழந்தைவேலுவுக்குப் பிடிபடவில்லை. முன்னால் நகர்ந்தால் ஓரிடத்தில் குத்துகிறது, பின்னால் நகர்ந்தால் வேறிடத்தில் குத்துகிறது. தனக்குக் கீழே இப்படி இரண்டு எலும்புகள் இருப்பதை ஐம்பத்தொரு வயதில் இன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறார். குனி, இன்னும் குனி. குனிந்துதான் ஓட்ட வேண்டுமாம். கைப்பிடி கடாக் கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே சுருண்டிருக்கிறது. மேலே பிடித்தால் பிரேக் எட்டவில்லை, பிரேக்கைப் பிடித்தால் முதுகு நிமிரவில்லை, அண்ணாந்து ரோட்டைப் பார்க்கக் கழுத்து கெஞ்சுகிறது. ஸ்டாண்டு இல்லை. கேரியர் இல்லை. மட்கார்டு இல்லை. பெல் ஒன்று இருக்கிறது, சட்டைப் பொத்தான் அளவில். அடித்தால் டிங் என்று கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு சத்தம். இதைக் கேட்டு எந்த டவுன் பஸ் வழி விடப்போகிறது? போன வாரம் கடைக்குப் போனபோது நல்ல பிள்ளையாக, கேரியர் வைத்த, நிமிர்ந்து உட்காரும்படியான, வயசுக்கேற்ற ஒரு சைக்கிளைத்தான் கேட்டார். 'ணா, சும்மா இதத் தூக்கிப் பாருங்ணா' என்றான் கடையில் விற்கிறவன். தூக்கினார். இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. ஒரு முழு வண்டி, இரண்டு சக்கரமும் சேர்த்து, அந்தரத்தில் நிற்கிறது, தோள்பட்டையில் ஒரு வலியும் இல்லை. பதினான்கு மாதமாகத் தண்ணீர்க் குடத்தைக்கூட இடது கையால் தொடாதவர். சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சரி என்று சொல்லிவிட்டார், சொன்ன வாய் மூடுவதற்குள் அவன் டியூபில் காற்றடிக்க ஆரம்பித்துவிட்டான். இப்போது மணி எட்டு நாற்பது. ரேஸ்கோர்ஸ் ஆபீஸுக்குப் பத்துக் கிலோமீட்டர். போய்ச் சேர்ந்ததும் வசந்தாமணிக்குப் போன் செய்ய வேண்டும், அவள் கல்வி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பாள், பையில் இரண்டு காகிதங்களோடு. ஒன்று பதவி உயர்வை ஏற்றுக்கொள்கிறேன் என்பது. இன்னொன்று வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. 'நீங்க தனியா போய்ச் சேந்துட்டேன்னு சொல்லுங்க, அதுக்கப்பறந்தான் எதுல கையெழுத்துன்னு பாக்கோணும்' என்று சொல்லிவிட்டு எட்டேகாலுக்கே ஸ்கூட்டியில் போய்விட்டாள். இருபத்து மூன்று வருடம் ஆசிரியை, இப்போது தலைமையாசிரியை ஆகலாம், ஊர் மட்டும் பொள்ளாச்சி தாண்டி, காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும். ஆறரைக்குக் கிளம்புகிறவள் ஒன்பது மணிக்குப் புருஷனை ஆபீஸில் இறக்கிவிட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதானா. இறக்கிவிடுவது. ஆபீஸில் மற்றவர்கள் ஜன்னல் வழியே பார்ப்பார்கள், ஸ்கூட்டியின் பின்னாலிருந்து டிபன் பையைக் கட்டிக்கொண்டு அவர் இறங்குவதை. 'சாரு வந்தாச்சு, இனி மழ வந்தாலும் கவலயில்ல, சாயங்காலம் டீச்சரம்மா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க' என்று ஒருநாள் யாரோ சொல்ல, எல்லோரோடும் சேர்ந்து அவரும்தான் சிரித்தார். தோள்வலி, பைக் ஓட்ட முடியாது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்க முடியாது. பைக்கிலிருந்து விழுந்ததில் தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்தது உண்மை. கூடியது அதைவிட உண்மை, எட்டு மாதத்துக்கு முன்பே கூடிவிட்டது, டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். ஆனாலும் தோள்வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார், ஏனென்றால் வேறு எந்தச் சொல்லும் வாயில் வரவில்லை. இதோ சிங்காநல்லூர். இந்த இடம்தான். குளத்துப் பக்கம் திரும்புகிற வளைவு. அன்றைக்கும் இதே மாதிரி மணல், லாரியிலிருந்து சிந்தியது. ஒரு நாய் குறுக்கே வந்தது, அது பாட்டுக்குப் போய்விட்டது, பைக் இவரை ரோட்டோடு தேய்த்துக்கொண்டு போனது. பத்தடி. பெரிய அடி ஒன்றும் இல்லை. பெரிய அடி என்றால் என்னவென்று இவருக்குத் தெரியாதா? இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோப்புகளைப் படிப்பதுதானே இருபத்திரண்டு வருடமாக இவர் சோறு. எஃப்.ஐ.ஆர். நகல், விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம். வரைபடத்தில் ரோடு இரண்டு கோடு, லாரி ஒரு பெட்டி, மனிதன் ஒரு பெருக்கல் குறி. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும். எல்லாக் கோப்பிலும் இதே இரண்டு வார்த்தை, எந்த ஸ்டேஷனில் எந்த ரைட்டர் எழுதினாலும். அஜாக்கிரதையாகவும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது அந்த வார்த்தை வந்து கால்மாட்டில் உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. மேற்படி குழந்தைவேலு என்பவர் இன்று காலை சுமார் ஒன்பது மணியளவில் புதிய சைக்கிளில் மேற்கு நோக்கிச் செல்கையில். சீ, வாயை மூடு. மேற்கு நோக்கிச் செல்கையில் பின்னால் வந்த. பின்னால் ஏதோ வருகிறது, பெரிதாக, ஹாரன், ஓரம், இன்னும் ஓரம், ஓரத்தில் மணல் இருக்கிறதே. தண்ணீர் லாரி. போய்விட்டது. அது போன காற்றில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வண்டி நேராக நின்றது, அதுவாகவே, இவர் ஒன்றும் செய்யாமலே. வளைவு எங்கே? திரும்பிப் பார்த்தால் வளைவு நூறடி பின்னால் கிடக்கிறது. தாண்டியாகிவிட்டது. தாண்டியதே தெரியவில்லை.

தெரியாமலே போனது நல்லதுதான், தெரிந்திருந்தால் இறங்கியிருப்பார். ஸ்கூட்டியில் வரும்போதெல்லாம் இந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார், இது வசந்தாமணிக்குத் தெரியாது, அவள் முதுகு எப்படிப் பார்க்கும்? அவள் இடுப்புச் சேலையை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொள்வார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ரோட்டில் அவளை அப்படித் தொட்டுக்கொண்டு போனது இந்தப் பதினான்கு மாதம்தான். பயத்துக்கு நடுவே அது ஒரு சுகமாகவும் இருந்தது, சொன்னால் வெட்கம். சுகமாக இருந்ததால்தான் தோள் வலித்துக்கொண்டே இருந்ததோ என்னவோ. இந்த நினைப்பு வந்ததும் வேகமாக மிதித்தார். மிதித்தால் மிதித்தது மட்டும் போகிறதா என்றால் இல்லை, ஒரு மிதிக்கு இரண்டு மிதித் தூரம் போகிறது. டயர் விரல் தடிமன்தான் இருக்கிறது, ரோட்டில் பட்டதா படவில்லையா என்று சந்தேகமாக ஒரு மெல்லிய சத்தம். கால் நிறுத்தினால் பின்சக்கரத்தில் டிர்ர்ர் என்று சில்வண்டு. குழி ஒவ்வொன்றும் நேரே பல்லுக்கு வருகிறது. ஸ்கூட்டியில் தெரியாத ரோடு இது. எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறான், எங்கே சாக்கடை மூடி அரை விரல் உயர்ந்திருக்கிறது, எல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. காலையில் பூஜையின்போது இந்த டயரைப் பார்த்துவிட்டு வசந்தாமணி, 'ஏனுங்க, எலுமிச்சம்பழத்த எங்கீங்க வெக்கறது, டயரு பழத்த விட ஒல்லியா இருக்குது' என்றாள். வைத்தாள். ஏற்றினார். பழம் நசுங்காமல் நழுவிப் போய்ச் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அபசகுனமா? அவள் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து எடுத்து மறுபடி வைத்து, கையாலேயே பிடித்துக்கொண்டு, 'இப்ப ஏத்துங்க' என்றாள். விரல் மேல் ஏற்றிவிடுவேனோ என்று இவருக்கு வியர்த்தது. இவர் குளித்து வருவதற்குள்ளேயே வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள், கைப்பிடிக்கு, சீட்டுக்கு, இரண்டு சக்கரத்திலும் நடுவே பிரேக் பிடிக்கிற அந்த ஓட்டை ஓட்டையான இரும்புத் தட்டுக்கும்கூடச் சந்தனம், நடுவில் குங்குமம். தட்டு சாமியின் கையில் இருக்கிற சக்கரம் மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ராமநாதபுரம் முன்னால் ஒரு சிக்னலில் பிரேக்கைப் பிடித்தார். வண்டி கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய், யோசித்து, அப்புறம் நின்றது. புது வண்டி, பிரேக் பழக நாலு நாள் ஆகும் என்று கடைக்காரன் சொன்னானே, அதுவாக இருக்கும். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் வண்டியை மேலும் கீழும் பார்த்து, 'ரேஸ் வண்டிங்களா' என்று கேட்க, 'ஆமாங்க' என்று சொல்லும்போது நெஞ்சு தானாகவே ஒரு அங்குலம் முன்னால் வந்தது. ஆசை யாரை விட்டது?

மேம்பாலம். கீழே போகலாம், மேலேயும் போகலாம். கீழேதான் போக வேண்டும் என்று நேற்று ராத்திரி முழுக்கப் படுக்கையில் தீர்மானம் செய்து வைத்திருந்தார், கீழே கடைகள், நிழல், நெரிசல், விழுந்தால் தூக்க ஆள். ஆனால் அந்த 'ஆமாங்க' இன்னும் நெஞ்சில் இருந்ததோ என்னவோ, கைப்பிடி தானே வலது பக்கம் போனது, சக்கரம் ஏற ஆரம்பித்துவிட்டது. ஏறிவிட்டால் நடுவில் திரும்ப முடியாது. கியரை மாற்று. எது எளிது, எது கடினம், உள்ளே தள்ளினால் எளிது என்றான் கடைக்காரன். தள்ளினார், சங்கிலி ஒரு முனகல் முனகி இடம் மாறியது, கால் பஞ்சாகிவிட்டது. மிதிக்கிறார், மிதிக்கிறார், அரை நடை வேகத்தில் ஏறுகிறார், பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், யாரும் திட்டவில்லை. மூச்சு வாங்குகிறது. இது நல்ல மூச்சு, பயந்த மூச்சு இல்லை. பயந்த மூச்சு மேலேயே நின்றுவிடும், இது வயிறு வரைக்கும் போகிறது. உச்சிக்கு வந்தபோது மேற்கே மேகம் போர்த்திய மலை தெரிந்தது, இரண்டு பக்கமும் மொட்டை மாடிகள், காயப்போட்ட துணிகள், ஒரு வீட்டு மாடியில் ஒருத்தி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். காற்று. ஹெல்மெட் ஓட்டை வழியாகத் தலைக்குள்ளேயே காற்று. குழந்தைவேலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வசந்தா, வாங்கிக்கோ, உன் பள்ளிக்கூடத்தை வாங்கிக்கோ, பொள்ளாச்சிக்கு என்ன வால்பாறைக்கே போ, என்று வாய்விட்டே சொன்னார். இறக்கம் தொடங்கியது. சில்வண்டுச் சத்தம் ஒரே இழையாகிவிட்டது. நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக. போதும். பிரேக்கைத் தொட்டார். போதும் என்றேனே. அழுத்தினார். இரண்டு கையாலும் அழுத்தினார், பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது, சக்கரம் அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கீழே சிவப்பு விளக்கு. விளக்குக்கு முன்னால் ஒரு டவுன் பஸ்ஸின் முதுகு. மேற்படி குழந்தைவேலு என்பவர் மேம்பாலத்திலிருந்து இறங்குகையில் அதிவேகமாகவும். பிடி, பிடி, பிடித்துத் தொலையேன். அதிவேகமாகவும். மாதிரி வரைபடத்தில் பஸ் ஒரு பெட்டி. பெருக்கல் குறி எங்கே? வசந்தாவின் போன் அடிக்கும், இவருடைய எண்ணிலிருந்துதான் அடிக்கும், பேசுவது வேறு யாராவது. அந்த நினைப்பு வந்த கணம் இரண்டு காலும் பெடலை விட்டு இறங்கிவிட்டன. யாரும் அவற்றிடம் சொல்லவில்லை. இரண்டு ஷூவும் ரோட்டில் தேய்ந்தன, உள்ளங்கால் சுட்டது, வண்டி இடமும் வலமும் உதறியது, ஒரு ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்து டப்டப் என்று அடித்துக்கொண்டு, தேய்ந்து, தேய்ந்து, நின்றார். முன் டயருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு சாண். பின் படியில் நின்றிருந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார். 'ஏனுங்ணா, டிக்கெட் வாங்காமயே உள்ள வரப் பாத்தீங்களா?' பஸ்ஸுக்குள் இரண்டு பேர் சிரித்தார்கள். விளக்கு பச்சையானது, பஸ் போய்விட்டது, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், இவர் அங்கேயே நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, ஒரு பேக்கரி வாசலில் வண்டியைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். டீ சொன்னார். டீ வந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டு போனபோது கையில் தேங்காயெண்ணெய் வாசம். ஏது எண்ணெய்? இன்று தலைக்குக்கூட வைக்கவில்லையே. அப்போதுதான் சக்கரத்தைப் பார்த்தார், வண்டியைச் சாத்தும்போது அந்தத் தட்டைத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறார், சூடாக இருக்கிறதா என்று. மறுபடி தொட்டார். வழுவழுவென்று, கறுப்பும் சிவப்புமாக விரலில் ஒட்டியது. முன் தட்டு, பின் தட்டு, இரண்டிலும். எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைத்திருக்கிறாள். தேய்த்துத் தேய்த்துத் துடைத்திருக்கிறாள். கோபம் ஒரு வேகத்தில் உச்சந்தலைக்கு வந்தது. அறிவிருக்கிறதா, பிரேக்கில் போய் யாராவது எண்ணெய் ஊற்றுவார்களா, இருபத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள்தானே. அந்த வேகத்திலேயே பாதி வழியில் நின்றும் போனது. அடுப்படியில் புது தோசைக்கல் வந்த அன்றைக்கு அவள் செய்வது இதுதான். புது இரும்பு என்றால் எண்ணெய் காட்ட வேண்டும். துரு அண்டாமல், நாள் படக் கிடக்க. விடியற்காலை, இவர் குளிக்கும்போது, வாசலில் தனியாகக் குத்த வைத்து உட்கார்ந்து, இந்த மனுசன் பத்திரமாய்ப் போய் வர வேண்டும் என்று ஒவ்வொரு ஓட்டையாகத் துடைத்திருப்பாள். சிரித்தார். சிரிப்பு வந்த வழியிலேயே கண்ணீரும் வந்தது, பேக்கரிக்காரர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். இதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவ்வளவுதான், நானே உங்களைக் கொல்லப் பார்த்தேனே என்று சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுவாள், இரண்டாவது காகிதத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு நாளைக்கு ஸ்கூட்டியோடு வாசலில் நிற்பாள். மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டே போனார். வாய் பிளந்த ஷூ டப்டப் என்றது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லலாம். அது பொய் இல்லை. ஓட்டிக்கொண்டா என்று கேட்டால்? ஓட்டிக்கொண்டுதான். பாதியை விட அதிகம் ஓட்டியாகிவிட்டது. பயமாக இருந்ததா என்று கேட்டால்? கேட்க மாட்டாள். பதினான்கு மாதத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. நாளை? நாளைக்கு இந்த வண்டியில் ஏறுவாயா, அதைச் சொல் முதலில். உள்ளங்கால் எரிந்தது. உச்சியில் அடித்த காற்றும் இன்னும் தலைக்குள் இருந்தது. இரண்டும் ஒரே பாலத்தில்தான் கிடைத்தன, எது பெரிது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆபீஸ் வளாகத்தில் வேப்பமரத்தடியில் வண்டியைச் சாத்திவிட்டு, மூச்சைச் சீராக்கி, குரலை ஒருமுறை இருமிச் சரி செய்துகொண்டு, போனை எடுத்தார். மணி ஒன்பது முப்பத்தைந்து.

"வந்து சேந்துட்டேன் வசந்தா."

"சேந்துட்டீங்களா?" அந்தப் பக்கம் நிறையப் பேர் பேசும் சத்தம். அவள் நடந்து எங்கோ வெளியே வருவது தெரிந்தது. "இங்க ஒம்போது இருவதுக்கே பேரக் கூப்புட்டுட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

போச்சு, வேண்டாம் என்கிற காகிதத்தில்தான் போட்டிருப்பாள். டீ குடித்த பத்து நிமிடம். உட்காராமல் வந்திருந்தால், தள்ளாமல் வந்திருந்தால். "கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? இப்ப நான்தான் வந்துட்டேனல்ல? போய்க் கேளு, அந்த லெட்டரத் திருப்பி வாங்கு."

"எந்த லெட்டருங்க? பதவி வேணும்னுதான் போட்டேன். திங்கக்கெழம சேரோணும்."

குழந்தைவேலு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். "எம்பட போன் வர்றதுக்கு முன்னாலயேவா?"

"ஆமாங்க."

"நான் வந்து சேராமப் போயிருந்தா?"

"பஸ்ஸுல போயிருப்பீங்க," என்றாள், யோசிக்காமல். அப்புறம் குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதீங்க. பேரக் கூப்புட்டு, அந்தப் பேனாவக் கைல குடுத்தப்ப, எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேணும்னு இருந்துச்சுங்க. அவ்ளோதான்."

ஒண்டிப்புதூரிலிருந்து இங்கே வரைக்கும் அவளுடைய வாழ்க்கையைத் தன் தலையில் வைத்து மிதித்து வந்ததாக நினைத்த மனுசன், அது அங்கே இல்லவே இல்லை என்று தெரிந்ததும், கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நின்றார். கொஞ்சம் அவமானம்கூட. அவமானம் போன பிறகு அடியில் கிடந்தது பெரிய ஆறுதல். இனி இவருடைய பதிலைப் பிடித்துக்கொண்டு யாருடைய காகிதமும் தொங்கவில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

"பிரேக் புடிக்கல வசந்தா. பாலத்து மேல இருந்து வர்றப்ப. நீ அந்தத் தட்டுக்கு எண்ணெய் போட்டியா?"

"புது இரும்பாச்சேன்னு..." என்று ஆரம்பித்தவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். "அடிகிடி பட்டுதுங்களா?"

"படல. ஷூ போச்சு. அத வுடு, எண்ணெய் தொடச்சாப் போயிரும், கடைல போய்ச் சரி பண்ணிக்குவேன். நான் சொல்ல வந்தது வேற." சொல்ல வந்தது எதுவென்று அதைச் சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது. "எனக்குத் தோள்வலி எல்லாம் இல்ல வசந்தா. வலி போயி எத்தனையோ மாசமாச்சு. பயம். ரோட்டப் பாத்தா பயம். இன்னிக்கும் பயந்துட்டுத்தான் வந்தேன், நாளைக்கும் பயந்துட்டுத்தான் ஓட்டுவேன்னு நெனைக்கறேன்."

"தெரியுமுங்க," என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். "சிங்காநல்லூர் வந்தா நீங்க சேலயப் புடிக்கற புடில எனக்குத் தெரியாதுங்களா?"

அவர் மரத்தை விட்டுவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்தார்.

"நா மட்டும் தைரியமாப் போட்டேன்னு நெனச்சீங்களா?" என்றார் தலைமையாசிரியை வசந்தாமணி. "கை நடுங்கி எம்பட பேரே கோணலா உழுந்துருச்சுங்க. அவுங்க இன்னொருக்காப் போடச் சொன்னாங்க. இன்னொருக்காவும் கோணலாத்தான் வந்துச்சு. அப்படியே குடுத்துட்டு வந்துட்டேன்."